பின்கண்ணாடி

கரையான் ஏறிவிட்டதோ என்ற பயத்தில்தான் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். கரையான் இல்லை. காலிகோ ஒட்டிப் பைண்டு செய்த தடித்த தொகுதிகள் இருந்தன. 1950இல் தொடங்கி மூன்றரை வருஷம் ‘கல்கி’யில் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்கள். அத்தையின் சொத்து. தன் வளையலைக்கூட இரவல் கொடுப்பாள். இதை மட்டும் கண்ணெதிரே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகச் சொல்வாள். ஒரு தொகுதியின் நடுவில் ஏதோ துருத்திக்கொண்டு இருந்தது. பிரித்தால், ஒரு கொண்டை ஊசி. துரு இறங்கிப் பக்கத்தில் இரண்டு கோடு விழுந்திருந்தது. ஒரு கோடு நேர், இன்னொன்று நெளிவு. படிப்பை எந்த இடத்தில் நிறுத்தினாளோ அந்த இடத்தில் தலையிலிருந்து ஓர் ஊசியை உருவி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வந்து அந்த அத்தியாயத்தை முடித்தாளா என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் அப்போது ஐந்து கொண்டைகள். அப்பத்தா, அத்தை, அம்மா, இரண்டு அக்காமார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் அவள் திரும்பி வந்து காப்பி குடித்து முடித்ததும் தாழ்வாரத்தில் சீப்புப் பெட்டி திறக்கும். விளக்கு வைப்பதற்குள் எல்லாத் தலையும் வாரி முடிந்தாக வேண்டும். விளக்கேற்றிய பிறகு சீப்பைத் தொட்டால் அப்பத்தா வாயில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து பேரும் வரிசையாக ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, ஈருளியும் பல்சீப்பும் கைமாற, ஊர்க்கதை ஓடும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பேசுகிற பேச்சு. அதனாலேயே நிறைய உண்மை வெளியே வரும். மூத்த அக்கா தனக்கு வந்த வரனைப் பிடிக்கவில்லை என்று முதல்முதலாகச் சொன்னது அம்மாவிடம் தலையைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். அம்மா பின்னுவதை நிறுத்தவில்லை. “சரி, அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். அவ்வளவுதான், வரன் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. பின்கண்ணாடி பிடிப்பது. முன்னால் சுவரில் பெரிய கண்ணாடி. பின்னால் அப்பாவின் சவரக் கண்ணாடியை ஏந்திக்கொண்டு நான். கொண்டை என்பது போடுகிறவளின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிற வேலை. விரல்தான் பார்க்க வேண்டும். முடித்தபின் ஒரு தரம் சரிபார்க்க மட்டும் கண் வேண்டும், அதற்கு நான். “இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்டா. உன் இடது இல்ல, என் இடது. கண்ணாடிக்குள்ள இருக்கிற இடது இல்ல!” இடது வலதை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. நிஜத்தில் ஒன்று, கண்ணாடிக்குள் ஒன்று, கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணாடிக்குள் ஒன்று என்று அத்தையின் கொண்டைக்குப் பின்னால் நின்றே கற்றுக்கொண்டேன்.

அப்பத்தாவுக்குக் கண்ணாடியும் வேண்டாம், நானும் வேண்டாம். குனிந்து, முடியை முன்னால் தள்ளி ஒரு உதறு உதறுவாள். நிமிரும்போதே முடி கையில் சேர்ந்திருக்கும். ஒரு முறுக்கு, ஒரு சுற்று, நுனியை உள்ளே ஒரு செருகு. அள்ளிமுடிச்சு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை ஒரு நாளில் எத்தனையோ தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போடுவாள். யாரிடமாவது கோபமாகப் பேசத் தொடங்கும் முன்னும் ஒரு தடவை அவிழ்த்து முடிவாள். தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அப்பத்தா கொண்டையில் கை வைத்தால் எதிராளி குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஈரம் பாதி உலர்ந்ததும் கோடாலி முடிச்சுப் போடுவாள். முடியை முறுக்கிக் கையிலேயே ஒரு வளையம் செய்து, மிச்சத்தை மடித்து அந்த வளையத்துக்குள் இழுத்துவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதற்கும் ஊசி கிடையாது. ஈரத்தலைக்கு ஊசி குத்தினால் துருப்பிடித்த வாடை வரும் என்பாள். சாம்பிராணிப் புகைக்காக மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியைப் பரப்பிக்கொண்டு அவள் சாய்ந்திருக்கிற நேரத்தில் நாங்கள் என்ன கேட்டாலும் சரி என்பாள். அந்த நேரத்துக்காகவே விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்திருப்போம்.

அத்தையின் கொண்டை வேறு ஜாதி. பள்ளிக்கூடத்துக் கொண்டை. காலையில் அவளே போட்டுக்கொள்வாள், நான் தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடி பிடிப்பேன். நேர்வகிடு எடுத்து, கழுத்துக்குச் சற்று மேலே கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மிச்சத்தை மூன்றுகால் பின்னலாக நுனிவரை பின்னி, பின்னலைத்தான் சுற்றுவாள். “முறுக்கிச் சுத்துனா மூணாம் பீரியட்ல கழுத்துல விழுந்துரும். பின்னிச் சுத்தினா சாயங்காலம் மணியடிக்கிற வரைக்கும் நிக்கும்” என்பது அவள் கண்டுபிடிப்பு. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற உத்தியோகத்துக்கு அதுதான் சரி. ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். ஊசியை நேராக உள்ளே தள்ளமாட்டாள். அதுதான் விஷயமே. ஊசியின் முனை வெளியே பார்க்கும்படி கொண்டை ஓரத்தில் வைத்து, பின்னலில் நாலைந்து இழையைக் கோத்துக்கொள்வாள். பிறகு அப்படியே ஊசியைத் தலைகீழாகத் திருப்பி, தலையோடு ஒட்டிய முடிக்குள் கொண்டைக்கு அடியில் ஓடும்படி தள்ளுவாள். அந்தத் திருப்பில் இழைகள் முறுக்கிக்கொண்டு பூட்டு விழுந்தாற்போல் இறுகும். நேராகக் குத்திய ஊசி ஒரு தும்மலுக்கு வெளியே வந்துவிடும்; திருப்பிச் செருகிய ஊசியை நாமாக எடுத்தால்தான் உண்டு. நெளிந்த கால் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “நேர்க்கால் வழி காட்டும், நெளிகால் பிடிச்சுக்கிடும்” என்றாள். அப்படியே வாய் நிறைய ஊசியோடு சொன்னதால் அது எனக்குப் பாதிதான் புரிந்தது.

சாயங்காலம் வந்ததும் புடவை மாற்றுவதற்கு முன்னால் ஊசிகளை உருவிக் குட்டிக்கூரா பவுடர் டப்பாவுக்குள் போடுவாள். ஒவ்வொன்றும் தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவள் முகம் டீச்சரிலிருந்து அத்தையாக இறங்கி வரும். கடைசி ஊசி விழுந்தபின் கணக்குப் பாடம் சந்தேகம் கேட்கலாம்; அதற்கு முன் கேட்டால் அடி.

அவள் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். பின்னாளில் டாக்டருக்குப் படித்த என் அக்கா மகள்தான் கணக்குச் சொன்னாள்: தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளருமாம். இடுப்பைத் தாண்டுகிற முடியின் நுனிக்கு ஆறேழு வயதாவது இருக்கும் என்றாள். அப்படிப் பார்த்தால் நான் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் அத்தையின் பின்னல் நுனிக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பிறந்த வருஷத்தில் அவள் தலையில் முளைத்தது தினமும் காலையில் என் மூக்குக்கு நேரே ஆடியிருக்கிறது.

‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று. அந்தப் படத்தில் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் தலையை உயர்த்திச் சீவிக்கொண்டு வருகிறார்கள். காஞ்சனா சினிமாவுக்கு வருமுன் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, ஆகாயத்திலேயே கலையாத கொண்டை பூமியில் எப்படிக் கலையும் என்று என் மூத்த அக்கா வாதிட்டாள். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள் அந்தத் தீபாவளிக்கு வரும்போது பிச்சோடாவோடு வந்து இறங்கினாள். அப்பா ரயிலடியில் அவளைத் தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் தேடினாராம்.

பிச்சோடா போட முன்னந்தலை முடியை எதிர்வாட்டில் சீவிச் சீவிச் சிலுப்ப வேண்டும். நன்றாக வாரிப் பழகிய அம்மாவின் கைக்கு அது பெரும் பாவமாகத் தெரிந்தது. “சிக்கெடுக்கத்தாண்டி சீப்பு, சிக்குப் போடவா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிலுப்பியதை மேலாகப் படிய வைத்து, பின்னால் ஒரு வளையத்தை மாட்டி, முடியை அதன்மேல் விசிறியைப்போல் பரப்பி, அடியில் ரப்பர் போட்டு, மிச்சத்தை அடிச்சுற்றாகச் சுற்றி ஊசி குத்த வேண்டும். வளையம் எங்கே கிடைக்கும்? மதுரைத் தோழியிடம் இருந்தது கம்பியில் செய்தது, கடையில் வாங்கியது. எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் குழந்தை விளையாடுகிற வளையத்தை எடுத்துக் காட்டினார்கள். அக்கா ஒரு மத்தியானம் தாளிட்ட அறைக்குள் ஏதோ தைத்தாள். இலவம் பஞ்சைத் திணித்த கறுப்பு வளையம் ஒன்று வெளியே வந்தது. தலைமுடியோடு வித்தியாசம் தெரியாத கறுப்பு. வீடே மெச்சியது. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு அப்பா ஆபீசுக்குக் கிளம்பிக் குடையை விரித்தார். வெறும் கம்பி விரிந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பிக் குடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே தெருமுனை வரை நடந்து காட்டினார். அப்பத்தாதான் தீர்ப்புச் சொன்னாள்: “கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளியும் முடிவா, பின்னியும் போடுவா. இவ குடையையில்லா முடிஞ்சிருக்கா!” அந்தக் கொண்டையோடு அக்காமார் சினிமாவுக்குப் போனபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், “தாயி, அந்தச் சட்டியைக் கழட்டி மடியில வச்சுக்க, எம்ஜியார் மூஞ்சி தெரியலை” என்றது. அக்கா கழற்றவில்லை. நான்தான் வெட்கத்தில் முன்பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் எட்டாக் கனவு. நாலு பிள்ளை பெற்றதில் முடி பாதி கொட்டிவிட்டது என்பாள். (நாலில் ஒன்று தங்கவில்லை.) எம்.எஸ். சுப்புலட்சுமியைப் போல் கழுத்தோடு தணிந்த ஒரு கொண்டை, அதை முழு வட்டமாகச் சுற்றி மல்லிகை. அவள் ஆசை அவ்வளவுதான். சுற்றிவரப் பூ இருந்தது, நடுவில் கொண்டை போதவில்லை. அதற்காகச் சீப்பில் வருகிற உதிர்முடியை விரலில் சுற்றிச் சுருளாக்கித் தாழ்வாரத்து எரவாணத்தில் செருகி வைப்பாள். ஓட்டுக்கும் கழிக்கும் நடுவே வரிசையாகக் கறுப்புச் சுருள்கள் இருக்கும். அதில் குருவி கொஞ்சம் எடுத்துப் போகும். சேர்ந்தபின் சவுரி கட்டுகிற அம்மாள் வருவாள். சிக்கை உதறிப் பிரித்து, நீளவாரியாகப் பிரித்து வைத்து, மேல்முனையை நூலால் இறுக்கிக் கட்டுவாள். ஒருநாள் முழுக்க எங்கள் திண்ணையில் வேலை நடக்கும். ஆக அம்மா வைத்துக்கொண்டது யாருடைய முடியோ அல்ல, அவள் தலையிலேயே இருந்து விழுந்ததுதான். விருந்தாளி யாராவது “சவுரியா?” என்று கேட்டால், “என் முடிதான்” என்று தயங்காமல் சொல்வாள். பொய் இல்லையே.

இப்போது எங்கள் காலனித் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய மொபெட் வருகிறது, தலைமுடிக்குப் பாத்திரம் தருகிறார்கள். திருமலையில் காணிக்கையாக விழுகிற முடியைத் தேவஸ்தானம் இணையத்தில் ஏலம் விடுகிறது. அது கடல் கடந்து போய் விக்காகிறது. எரவாணம் உள்ள வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

ஒரு கோடை விடுமுறையில் அத்தை எங்களைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனாள். பெரிய கோயில் பார்த்துவிட்டு அரண்மனைக் கலைக்கூடத்துக்கு. அவளுக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த பெண்களின் கொண்டைகளை அவள் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்க்க முயன்று தோற்றிருந்தாள். படத்தில் முன்பக்கம்தானே தெரிகிறது? பின்னால் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று ஓவியர் சொல்லவில்லை. “மனுஷன் ஊசி எங்க குத்துறதுன்னு காட்டாம வரைஞ்சிட்டாரு” என்பாள். சிற்பமானால் பின்னாலும் போய்ப் பார்க்கலாம் அல்லவா?

அங்கேதான் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பார்த்தோம். 1011இல் வார்த்தது. காளை காணாமல் போய்விட்டது; அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. எல்லாரும் அந்தக் கையைப் பார்ப்பார்கள். அத்தை தலையைப் பார்த்தாள். சடையை எடுத்துச் சுற்றிச் சுற்றித் தலைப்பாகையாகவே கட்டியிருக்கிறார், அதில் பாம்பும் சேர்ந்து சுற்றியிருக்கிறது. எது முடி, எது பாம்பு என்று பிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அத்தை முன்னால் நின்றாள், பக்கத்தில் போனாள், எட்டிப் பின்னால் பார்க்கப் போனாள், காவலர் வந்து “அம்மா, தள்ளி நில்லுங்க” என்றார். தள்ளி நின்று இன்னும் கால் மணி நேரம் பார்த்தாள். எங்கள் தேசத்திலேயே நல்ல கொண்டை போட்டிருப்பது ஒரு ஆம்பிளை என்று முடிவுக்கு வந்தவளாய், “பாம்பை ஊசியா வச்சிருக்காரு பாத்தியா? அதான் அவிழல” என்றாள். பக்கத்தில் நின்ற அம்மன் பக்கம் அவள் திரும்பிப் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

அதே காலத்தில்தான் தாத்தா தவறிப்போனார். அன்று வீட்டுக்குள் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. முற்றத்தில் பெண்கள் வட்டமாகக் கூடினார்கள். எல்லாருடைய கொண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தது. அப்பத்தா நடுவில். அவளும் அவிழ்த்தாள், ஆனால் திரும்ப முடியவில்லை. அவள் முடி முழங்கால் அளவுக்கு இருந்தது. எத்தனையோ தடவை அவள் அவிழ்த்து முடிவதைப் பார்த்திருக்கிறேன், அது அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காற்றுப்போல் வருகிற அந்த இரண்டு கை அசைவுக்குள் இவ்வளவு முடியும் எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று நான் யோசித்தேன், அழவில்லை. காரியம் முடிந்து எண்ணெய் வைத்தபின் பழையபடி அள்ளிமுடிச்சு வந்தது. பூ மட்டும் வரவில்லை. சாயங்காலம் பூக்காரி கூடையை இறக்கினால் எங்களுக்கெல்லாம் முழம் அளந்து வாங்கித் தருவது அப்பத்தாதான். கையை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லாரும், டீச்சர் அத்தை உட்பட, ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இன்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் பெரியக்கா, அவள் வீட்டுக்காரர் போன பிறகும் பூ வைக்கிறாள். அன்றைக்குக் குடைத்துணியைத் தலையில் வைத்தவளுக்கு ஊர் வாய் ஒரு பொருட்டில்லை.

வால்பாறைக்குப் போகிற மலைப்பாதையில் நாற்பது வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பலகை: கொண்டை ஊசி வளைவு 1/40, 2/40 என்று. முதல்முறை அந்தப் பேருந்தில் ஏறியபோது சின்ன அக்கா தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி, அதன் வளைவில் எறும்பு ஒன்றை ஏறவிட்டு எனக்கு விளக்கினாள். எறும்பு வளைவைத் தாண்டும்போது அவள் “ஒன்பது” என்றாள், வெளியே பார்த்தால் 9/40. அதற்குமேல் எறும்புக்கும் பொறுமை இல்லை, எனக்கும் வாந்தி வந்துவிட்டது.

இவ்வளவையும் நான் என் மனைவியிடம் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. ஆண்பிள்ளைக்குக் கொண்டை போடத் தெரியும் என்பது பேச்சில் வருகிற விஷயமாக இருந்ததில்லை. போன வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படித் தோள் இறுகுவது சகஜம் என்றார் டாக்டர். சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி கொடுத்தார்கள். சோறு பிசையலாம், கையெழுத்துப் போடலாம். கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோகத்தான் முடியவில்லை. இருக்கிற வேலைகளில் தோளை அவ்வளவு உயர்த்தி அவ்வளவு நேரம் நிறுத்துகிற வேலை கொண்டை போடுவதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் வெறும் குதிரைவால் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் கல்யாணம் ஒன்றுக்குப் போக வேண்டும். “முடியை வெட்டிரலாமான்னு பாக்கிறேங்க” என்றாள்.

“உக்காரு” என்றேன்.

விரல் மறக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது முழுவதும் பின்னால் நின்று பார்த்தது என்பதால், அவளுடைய முகம் எனக்குக் குறுக்கே வரவில்லை. நேரே அத்தையின் காலை நேரத்துக்குள் போய்விட்டேன். வகிடு, கயிறு, மூன்றுகால் பின்னல், சுற்று. ஊசியை வாயில் வைத்துக்கொண்டேன். முதல் ஊசியைத் திருப்பித் தள்ளியதும் அவள் கழுத்து நிமிர்ந்தது. “இது எங்க படிச்சீங்க?” என்றாள். வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லவில்லை. பிறகு பின்கண்ணாடி பிடித்துக் காட்டினேன். இடது பக்கம் ஒரு ஊசி தூக்கலாக இருக்கிறது என்றாள். அவள் சொன்னது சரி. கொங்கு நாட்டுப் பெண். அரப்புத் தேய்த்துக் குளித்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்துக் கொண்டை கொஞ்சம் இறுக்கம் என்பது அவள் கருத்து. இறுக்கிக் கட்டினால் முன்வகிட்டில் முடி உதிரும், வாரத்தில் இரண்டு நாளாவது தளர விடு என்று தோல் டாக்டரும் அவள் பக்கமே பேசினார். இப்போது தோள் சரியாகிவிட்டது. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தோளோடு வெட்டிய முடி. கணினி முன்னால் வேலை செய்யும்போது பென்சிலைச் செருகி ஒரு முடிச்சுப் போடுவாள். வெளியே கிளம்பினால் அதைக் கலைந்த மாதிரி கலைத்து விடுவாள். கலைந்தது போல் தெரிய அரை மணி நேரம் பாடுபடுவதை அத்தை பார்த்திருந்தால் பவுடர் டப்பாவால் அடித்திருப்பாள். எனக்கென்னவோ அந்தப் பென்சில் முடிச்சு பிடித்திருக்கிறது. அப்பத்தாவின் வேகம் அதில் இருக்கிறது.

அவளுடைய பெண்ணுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி; ஆண்டாள் வேஷம் என்று பாட்டி ஊர்ப்பாசத்தில் சொல்லிவிட்டாள், பாட்டிக்கு அது புகுந்த வீட்டு ஊர். வீடியோவில் அழைத்தார்கள். ஆண்டாள் கொண்டை இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குழந்தையின் முடியில் கொண்டை கால்வாசிக்குத்தான் காணும். குடைத்துணிக்குப் பதில் மருமகனின் கறுப்புச் சாக்ஸ் ஒன்று தியாகமானது. முனையை வெட்டி, சுருட்டி வளையமாக்கி, வலை போட்டு மூடினார்கள். நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல மகள் அங்கே ஊசி குத்தினாள்.

“நேரா குத்தாதம்மா. முனை வெளிய பாக்கட்டும்… கொஞ்சம் முடியைப் பிடி… இப்ப திருப்பு. திருப்பிச் செருகு.”

“அப்பா, இது ரைட்ல இல்ல இருக்கு? தப்பாப் போட்டுட்டேன்!”

“இடதுலதான் இருக்கு.”

“என் ஸ்கிரீன்ல ரைட்ல தெரியுது.”

“உன் ஸ்கிரீன் உனக்குக் கண்ணாடி. எனக்குச் சரியாத் தெரியுது. அவளையே கேளு, எந்தக் கையில சாப்பிடுவா?”

குழந்தை வலது கையைத் தூக்கியது, திரையில் மகளுக்கு அது இடமாகத் தெரிந்து மேலும் குழம்பி, மூன்று பேரும் கையைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, “கிளி எந்தக் கையில பிடிக்கணுமோ அந்தப் பக்கம் கொண்டை. ஆண்டாளுக்கு ரெண்டும் இடதுதான். போய் வேலையைப் பாருங்க” என்று தீர்த்து வைத்தாள். கிளி என்றதும் குழந்தைக்கு வேறு கவலை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினமும் புதுக்கிளி என்று பாட்டி சொன்னாள். மரவள்ளி இலையில் செய்வார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. “எனக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக்?” என்ற கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வாஷிங் மெஷினாக வந்த ஒரு பையனுக்குப் போய்விட்டதாம். ஆனால் கொண்டை அசையவில்லை. மேடை ஏறி, இறங்கி, சறுக்குமரத்தில் விளையாடி, மாலை வீட்டுக்கு வந்து, அவிழ்க்கக் கூடாது என்று அழுது, அப்படியே ஒருக்களித்துத் தூங்கியிருக்கிறாள். மறுநாள் சீருடையும் ஷூவும் மாட்டிக்கொண்டு, இடது காதுக்குமேல் வாடின மல்லிகையோடும் அப்பாவின் சாக்ஸோடும் பள்ளிக்கூடப் பஸ் ஏறிவிட்டாள். நடுவில் ஒரு ஊசி மட்டும் விழுந்துவிட்டது என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள்; அது முதலில் குத்தியது, நேராகக் குத்தியது.